ராசமணியும் ஈஸ்டர் பாணும்

ஓக்லாந்துத் தமிழ்ச் சனம் அவளுக்கு வைத்திருந்த பெயர் பாண் ராசமணி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். "உள்ளதைத்தானே சொல்லுதுகள்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

மன்னார்ப் பேசாலையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு படகேறி இராமேஸ்வரம் போய், முகாமில் இருந்து, கணவன் எமிலின் அண்ணன் விசா எடுத்துக் கொடுக்க ஓக்லாந்தில் வந்து இறங்கியவள். இந்தக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். முகாமில் பிரெட் என்பார்களே, அந்தப் பாணைப் பற்றி மட்டும் யாராவது வாய் திறந்தால், உலை பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். மேல் தோல் எப்படி இருக்கவேண்டும், உள்ளே ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், பிய்த்தால் மணம் முதலில் வருமா ஆவி முதலில் வருமா என்று கேட்டவர் காதைப் பொத்திக்கொள்ளும்வரை கதைப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு முதலில் கிடைத்த வேலை பென்ரோஸில் ஒரு பெரிய பாண் தொழிற்சாலையில். வேலை கிடைத்ததும் மடு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். போய்ப் பார்த்தால், அவளை நிற்க வைத்த இடத்துக்குப் பாண் வரும்போதே வெட்டி, பைக்குள் போட்டு, வாயும் கட்டி வந்தது. விழுந்த பையை நிமிர்த்தி வைப்பதுதான் வேலை. மாவை அவள் கண்ணாலும் காணவில்லை. "பஞ்சு மெத்தையைக் கீறி விக்கிறாங்கள்" என்று தினமும் வீட்டுக்கு வந்து எமிலிடம் திட்டுவாள்.

சனிக்கிழமை வந்தால் பஸ் ஏறிவிடுவாள். பாபடோயிட்டோயிலிருந்து கிளம்பி, நகரத்தில் எங்கெங்கே பேக்கரி இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு சுற்று. கம்போடியாக்காரரின் கடையில் நீளப் பாணின் தோல் நல்லது, உள்ளே ஒன்றுமில்லை. ஒல்லாந்துக்காரரின் கறுத்தப் பாண் உடம்புக்கு நல்லதாம், பல்லுக்கு நல்லதில்லை. எமில் தலையில் அடித்துக்கொள்வான்.

"சனம் சனிக்கிழமையில வீடு பாக்கப் போகுது, மோட்கேஜ் கதைக்குது. என்ரை மனுசி பாண் பாக்கப் போறா!"

"வீடு எங்கை ஓடப் போகுது? பாண் ஆறிப்போமெல்லே" என்பாள் ராசமணி.

அப்படி ஒரு சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாமில் மசாலாக் கடைக்குப் போனவள், பக்கத்துச் சந்துக்குள்ளிருந்து வந்த மணத்தில் அப்படியே நின்றுவிட்டாள். மணத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். சின்னக் கடை. கண்ணாடிக்குள் எள்ளுத் தூவிய பாண் வளையங்கள். பின்னால் பாண் சுடச் செங்கல்லால் கட்டிய போறணை. ஒரு பாணை வாங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி பிய்த்தாள். தோல் நொறுங்கிச் சேலையெல்லாம் கொட்டியது. உள்ளே இழுபட்டது, புளித்தது, இனித்தது. ராசமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் வந்தது, ஏறவில்லை. திரும்பிப் போய்க் கடைக்காரரிடம், "எனக்கு இங்கே வேலை வேணும்" என்றாள். வேலை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

கடைக்காரர் ஸ்தாவ்ரோ, கிரேக்கர். தெசலோனிக்கி என்ற நகரத்திலிருந்து முப்பது வருடங்களுக்கு முன் கப்பலில் வந்தவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவருடைய ஆங்கிலம் ஒரு பக்கம் நொண்டும், ராசமணியுடையது மறுபக்கம் நொண்டும். இரண்டும் சேர்ந்து எப்படியோ நடந்துவிடும்.

அவர் கடையில் ஒரு பாண் வாங்க வந்தவர் தெசலோனிக்கியை ஒரு சுற்றுப் பார்க்காமல் வெளியே போக முடியாது. "விடிய எழும்பிக் கடற்கரைப் பக்கம் போ. எள்ளு வளையத்தைத் தட்டில் அடுக்கி விற்பான். நின்றபடி தின். உட்கார்ந்தாயோ, ருசி போய்விடும். அங்கிருந்து பழைய சந்தைக்குள் திரும்பு. மெல்லிய மாத்தாளுக்குள் பாற்களி வைத்த புகாச்சா. கத்தி வெட்டுகிற சத்தத்தைக் கேட்டாலே கடை நல்லதா கூடாததா தெரிந்துவிடும். மேட்டுத் தெருவில் விறகுப் போறணைக்காரர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்து வீட்டு இறைச்சிச் சட்டிகளையும் தன் போறணையில் வைத்து எடுத்துக் கொடுப்பார்..." பாண் வாங்க வந்தவர் வீட்டில் தேநீர் ஆறிப்போயிருக்கும். ராசமணி அந்த நகரத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் கடைக்குக் கடை சரியாகப் போய் நின்றிருப்பாள்.

எட்டு மாதத்துக்குள் சாதாரணப் பாண், எள்ளு வளையம் எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டன. ஒன்றே ஒன்றைத்தான் ஸ்தாவ்ரோ தொட விடவில்லை. அது சுரேக்கி, அவர்களுடைய ஈஸ்டர் பாண். பட்டர், முட்டை, சீனி, காட்டுச் செரிப் பழத்து விதைப்பொடி எல்லாம் போட்டுப் பிசைந்து, பெண்பிள்ளைக்குத் தலை பின்னுவதுபோலப் பின்னி, நுனியில் சிவப்புச் சாயம் தோய்த்த அவித்த முட்டையைப் பதித்துச் சுடுவது. நல்ல சுரேக்கியைப் பிய்த்தால் நூல் நூலாக வரவேண்டும். நூல் வராவிட்டால் அது வெறும் பணிஸ். புதுவருடத்துக்கு அதே மாவில் அவர் பாண் செய்தபோது ராசமணி பக்கத்தில் நின்று கண் இமைக்காமல் பார்த்தாள். கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள். அவள் கை அன்றிலிருந்து துடித்துக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தவக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாளில், தங்கைக்குச் சுகமில்லை என்று தெசலோனிக்கியிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்தாவ்ரோ அவசர அவசரமாகப் பெட்டியைக் கட்டினார். கடைச் சாவியை ராசமணி கையில் வைத்துவிட்டு விரலை நீட்டினார்.

"ஈஸ்டருக்கு முன் வந்துவிடுவேன். ஓடரை எடுத்து வை. சுரேக்கியில் மட்டும் கை வைக்காதே. வைத்தாய் என்றால் வேறு வேலை தேடு."

"சரி மிஸ்டர் ஸ்தாவ்ரோ" என்றாள் ராசமணி. அப்போது அவள் மனதாரத்தான் சொன்னாள்.

ஓடர் வந்து குவிந்தது. ஓக்லாந்தில் இருந்த கிரேக்கர் எல்லாம் வந்து, "ஈஸ்டருக்கு மூன்று", "ஈஸ்டருக்கு ஐந்து, சனிக்கிழமை எடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராசமணி தலையாட்டி வாங்கிக்கொண்டாள். ஈஸ்டர் எப்போது என்று பேசாலைக்காரிக்கு யாராவது சொல்லித் தரவேண்டுமா? யேசு கழுதையில் ஏறி வந்த குருத்து ஞாயிறு போனது, பெரிய வியாழன் வந்தது. ஸ்தாவ்ரோ வரவில்லை.

தங்கை வீட்டுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தாள். யாரும் தூக்கவில்லை. அந்தப் பக்கம் என்ன நடந்ததோ, தங்கைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று ஒரு பக்கம் பயம். இந்தப் பக்கம் ஓடர் கொடுத்த சனம் நாளை மறுநாள் காலை கதவைத் தட்டப் போகிறது. சுட்டால் வேலை போகும். சுடாவிட்டால் கடையின் பெயர் போகும். இதற்கு நடுவே, சொன்னால் வெட்கம், அவள் மனதின் மூலையில் ஒரு சந்தோஷம் சிறகடித்தது. சாக்குக் கிடைத்துவிட்டது!

"இஞ்சாருங்கோ, நாளைக்கு நாங்கள் சுரேக்கி சுடப் போறம்" என்றாள் எமிலிடம்.

எமில் சோற்றுக் கையோடு நிமிர்ந்தான். "நாளைக்குப் பெரிய வெள்ளி! உனக்கென்ன விசரே? பேசாலையில எண்டா அடுப்பே மூட்ட மாட்டினம்."

"ஆண்டவருக்குத் தெரியும், நான் அவருக்காகத்தான் சுடுறன் எண்டு. அவர் எழும்பேக்கை சனம் வெறுங்கையோட நிக்கிறதே?"

மறுநாள் எமிலும் கூடவே கிளம்பினான். மூன்று மணி ஆராதனையில் சிலுவையை முத்தமிட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தார்கள். சட்டப்படி கடை பூட்டு. உள்ளே மட்டும் திருவிழா. எமில் முட்டை அவித்துச் சாயம் தோய்த்தான், கை முழங்கைவரை சிவந்தது. ராசமணி மாவுக்குள் இறங்கிவிட்டாள். முதலில் மா ஒட்டியது, சண்டை பிடித்தது. விடவில்லை. பட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். ஒரு கட்டத்தில் மா மினுங்கிக்கொண்டு கையை விட்டுத் தானே கழன்றது. "பாருங்கோ! பாருங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் எமில் ஒரு முட்டையைக் கீழே போட்டு உடைத்துவிட்டான்.

சனிக்கிழமை விடிய வந்து போறணையில் ஏற்றினாள். முதல் தட்டு அடியில் கொஞ்சம் கருகிவிட்டது. ஒரு மூச்சு அழுதாள். இரண்டாவது தட்டு பொன் நிறமாக, பளபளவென்று வந்தது. ஒன்றை எடுத்து, சுடச் சுட, விரல் வெந்தாலும் பரவாயில்லை என்று பிய்த்தாள். நூல்! நூல் நூலாக இழுபட்டது! எமிலின் வாயில் திணித்தாள். அவன் மென்றான். கண்ணை மூடினான். "ஐயோ ராசு" என்றான். வாயை மறுபடி திறந்து காட்டினான்.

கடையைத் திறந்தாள். கண்ணாடிக்குள் அடுக்கிய சுரேக்கி சந்துக்கே வெளிச்சம் கொடுத்தது. ஒன்பது மணி ஆயிற்று, கிரேக்கர் ஒருவரும் இல்லை. பத்து ஆயிற்று. மசாலாக் கடைக்கு வந்த தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது ரொம்ப அழகா இருக்கே. நாங்க சைவம். மேல இருக்கற முட்டையை மட்டும் எடுத்துட்டுத் தர்றீங்களா?"

"உள்ளையும் முட்டைதான் தங்கச்சி" என்று உண்மையைச் சொல்லி வந்த ஒரே ஆளையும் அனுப்பிவிட்டாள்.

பதினொரு மணிக்கு எலேனி வந்தாள். ஐந்து சுரேக்கிக்கு ஓடர் கொடுத்த கிரேக்கக் கிழவி. ராசமணிக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் ஐந்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். எலேனி அவற்றைப் பார்த்தாள். ராசமணியைப் பார்த்தாள். சிலுவை அடையாளம் போட்டாள்.

"என்ன இது?"

"ஈஸ்டர் பாண். நாளைக்கு ஈஸ்டர்."

"உனக்கு ஈஸ்டர். எங்கள் கிரேக்கக் கோயிலுக்கு அடுத்த ஞாயிறு. நாளைக்கு எங்களுக்குக் குருத்து ஞாயிறு! எங்கள் யேசு இன்னும் கழுதையிலேயே ஏறவில்லை, நீ அவரைக் கல்லறையிலிருந்து எழுப்பிவிட்டாயே! நான் தண்ணீர்ப் பாண் வாங்க வந்தேன் பெண்ணே. ஒறுத்தல் காலத்தில் பட்டர் தொடமாட்டோம்."

ராசமணிக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது. ஒரே ஆண்டவர், ஒரே சிலுவை, ஒரே உயிர்ப்பு. அதற்கு இரண்டு நாட்காட்டி இருக்கும் என்று எந்த ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்தார்கள்? ஸ்தாவ்ரோ ஈஸ்டருக்கு முன் வருவேன் என்றது அவருடைய ஈஸ்டரை. சனம் ஓடர் கொடுத்தது அவர்களுடைய சனிக்கிழமைக்கு. தொடாதே என்றதைத் தொட்டு, கடையின் பட்டர் முழுவதையும் கொட்டி, ஒரு கிழமை முந்திச் சுட்டு அடுக்கியாயிற்று. எலேனி தண்ணீர்ப் பாணை வாங்கிக்கொண்டு, வாசல்வரை சிரித்துக்கொண்டே போனாள்.

"வேலை போச்சு" என்று ராசமணி மாமூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "போறணையும் போச்சு. திரும்ப அந்தப் பஞ்சு மெத்தைதான்."

"பொறு. நான் வேலை செய்யிற வேர்ஹவுஸில பிரீசர் இருக்கு. ஒரு கிழமை வைச்சு எடுத்துக் குடுப்பம். ஆருக்குத் தெரியும்?" என்றான் எமில்.

அதுவரை அழுதுகொண்டிருந்தவள் விருட்டென்று எழும்பினாள். "ஐஸில வைச்சதை ஈஸ்டருக்குக் குடுக்கிறதோ? உங்களுக்கு வெக்கமில்லையோ? இது இண்டைக்குத் தின்னுற பாண். இண்டைக்குத்தான் தின்னோணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். முகம் மாறியது. "இண்டைக்குப் பெரிய சனி ஆருக்கு? எங்களுக்கெல்லே! பாண் ஏத்துற கடை வானை எடுங்கோ!"

அந்த வான் பாபடோயிட்டோய்க் கோயில் வளவுக்குள் போய் நின்றபோது, இரவுப் பூசைக்காகச் சனம் பூ கட்டிக்கொண்டிருந்தது, சமோவாப் பாடகர் குழு பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. ராசமணி பின்கதவைத் திறந்தாள். அவ்வளவுதான். மணம் நேரே பாட்டுக்குள் நுழைந்தது. பாட்டு பாதியில் நின்றது.

குழுத் தலைவி மாலியா, நல்ல உயரமான மனுஷி, முதலில் வந்தாள். ஒன்றை வாங்கி அந்த இடத்திலேயே பிய்த்தாள். இழுத்தாள், இன்னும் இழுத்தாள், நூல் அறாமல் வந்தது. வாயில் போட்டவள் ஒரு கூவல் கூவினாள் பாருங்கள், பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "எனக்கு ஆறு!" "எனக்கு நாலு!" மன்னார்ச் சனம், யாழ்ப்பாணச் சனம், தொங்காத் தீவுச் சனம், எல்லோரும் வானைச் சுற்றிவிட்டார்கள்.

"ராசமணியக்கா, சீனிப் பாணெண்டு நினைச்சன், இது வேற ஏதோ!" என்று கத்தினாள் லோஜனா. யாழ்ப்பாணத்தவள், அவளைப் பாண் ராசமணி என்று முதுகுக்குப் பின்னால் சொல்பவர்களில் முதல் ஆள்.

சத்தம் கேட்டுப் பாதர் வெளியே வந்தார். பூசைக்கு முன்பே மெல்லுகிற வாய்களைப் பார்த்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். மாலியா ஒரு துண்டை நீட்டினாள். பாதர் அதைக் கையில் வாங்கி, மணந்து பார்த்து, பூசை முடியும்வரை வைத்திருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, முழுசாக இரண்டு வேறு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பொழுது சாயுமுன் வானின் பின்பக்கம் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. மாலியா ஓடி ஓடி மூன்றாம் தடவை வந்தபோது கருகிய தட்டுத்தான் மிச்சம் இருந்தது. அதையும் கேட்டு வாங்கிப் போனாள். ராசமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தன் கையால் சுட்டதை இவ்வளவு சனம் அடிபட்டு வாங்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"நல்லதாப் போச்சு" என்றான் எமில் வீட்டுக்கு வரும்போது. "காசைக் கொண்டுபோய்க் கல்லாவில போடுவம். கிழவர் வந்தா ஒண்டும் சொல்லாத."

"எலேனி சொல்லுவா. அவ சொல்ல முந்தி நான் சொல்லோணும்."

"சொன்னா வேலை போகும்."

"ஓம், போகும்" என்றாள் ராசமணி. "களவாச் சுட்டது மாதிரி இருக்கேலாது எனக்கு. இவ்வளவு நல்லா வந்திருக்கு."

ஞாயிறு பின்னேரம், அங்கே காலை. போன் எடுத்தாள். இந்தமுறை ஸ்தாவ்ரோவே தூக்கினார். தங்கை வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாளாம், அதுவரை அவரும் அங்கேயே கிடந்தாராம். ராசமணி சுகம் விசாரித்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினாள். நீங்கள் ஈஸ்டருக்கு முன் வருவேன் என்றீர்கள், ஈஸ்டர் வந்தது, நீங்கள் வரவில்லை, நான் சுரேக்கி சுட்டேன், எல்லாம் சுட்டேன், பிழையான ஈஸ்டருக்குச் சுட்டேன், எங்கள் கோயிலில் விற்றேன், பட்டரும் முடிந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஸ்தாவ்ரோ ரிசீவரை மேசையில் வைத்தார். பிறகு அவர் கிரேக்கத்தில் யாருக்கோ கத்துவது கேட்டது. ஒரு பெண் இருமி இருமிச் சிரித்தாள். ஸ்தாவ்ரோ திரும்பி வந்தார். சிரிக்கவில்லை.

"பிய்த்துப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"நூல் வந்ததா?"

"வந்தது."

"கருகியதா?"

"முதல் தட்டு."

"எனக்கும் முதல் தட்டுக் கருகும். ஒருவருக்கும் சொல்வதில்லை." அடுத்த கேள்வி வந்தது. "வாங்கினவர்கள் திரும்பி வந்தார்களா?"

"ஒருத்தி மூன்று தரம் வந்தாள். கருகியதையும் கொண்டு போனாள்."

ஸ்தாவ்ரோ மூச்சை இழுத்து விட்டது கடல் கடந்து கேட்டது. "ராசமணி, செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். ஈஸ்டருக்குச் சுட ஆள் இல்லையென்றுதான் வருகிறேன். முப்பது வருடமாக ஈஸ்டர் சனிக்கிழமை நான் போறணைக்கு முன்னால்தான். என் தங்கையோடு ஒரு ஈஸ்டர் மேசையில் உட்கார்ந்ததில்லை. இனி ஒன்று கிடைக்குமோ தெரியாது, வைத்தியர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை." அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது. "டிக்கெட்டை மாற்றட்டுமா? உன்னால் இன்னொரு தரம் சுட முடியுமா?"

வேறு வேலை தேடு என்ற மனிதர் இப்போது அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ராசமணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாத்துங்கோ" என்றாள் தமிழில். பிறகு நினைவு வந்து, ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். எமில் கதவடியில், என்ன ஆயிற்று என்று கேட்கவும் பயந்துகொண்டு நின்றான். அவன் கை இன்னும் முழங்கைவரை சிவப்பாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமைக்கு லீவு போடுங்கோ" என்றாள் ராசமணி. "எனக்கு இன்னொரு ஈஸ்டர் கிடக்கு."